மறைத்து எடுத்துச் செல்ல ஒரு சிறிய கைத்துப்பாக்கி: டெக்சாஸில் இருப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

"அண்ணா, சின்னதா ஒரு துப்பாக்கி வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லது?" என்று யாராவது கேட்டால் நான் மாடல் பெயர் எதுவும் சொல்வதில்லை. என்ன விசாவில் இருக்கிறீர்கள், வேலைக்கு என்ன சட்டை போடுவீர்கள், குழந்தைகளுக்கு என்ன வயது, இந்த மூன்றைத்தான் முதலில் கேட்பேன். துப்பாக்கியை வாங்குவது இதில் கிட்டத்தட்டக் கடைசி வேலை. அதை முதல் வேலையாகச் செய்தவர்கள்தான் மூன்றே மாதத்தில் இரண்டாவது துப்பாக்கி தேடுகிறார்கள், அல்லது வாங்கியதை அலமாரியில் போட்டுவிட்டு மறந்துபோகிறார்கள். குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் மறந்துபோன துப்பாக்கி என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அதனால் கீழே இருக்கும் வரிசையை மாற்றாமல் போங்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படியில் எதையெல்லாம் ஒதுக்கிவிடலாம் என்று காட்டிக்கொடுக்கும்.

1. உங்கள் விசா நிலையைப் பாருங்கள்

அமெரிக்கக் குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ என்றால் அடுத்த படிக்குப் போகலாம். எச்1பி, எச்4, எல்1, எஃப்1 மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அதை நம்பி இறங்குவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் உட்கார்ந்து பேசுங்கள், நண்பர் சொன்னார் என்று இறங்காதீர்கள்.

இங்கே பலர் சறுக்குவது துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சில். "வாங்கத்தானே கூடாது, வாடகைக்கு எடுத்து நாலு தடவை சுட்டால் என்ன?" என்று அலுவலக நண்பர்கள் சேர்ந்து போய்விடுகிறார்கள். கையில் எடுத்தாலே வைத்திருப்பதாகத்தான் கணக்கு. அதேபோல நீங்கள் கிரீன் கார்டு, உங்கள் தம்பி எச்1பியில் உங்கள் வீட்டிலேயே தங்கியிருக்கிறார் என்றால், பெட்டகத்தின் எண் அவருக்குத் தெரியக் கூடாது. பத்து வருடம் காத்திருந்து வாங்க வேண்டிய குடியேற்ற நிலையை ஒரு சனிக்கிழமை மதியத்துக்காகப் பணயம் வைக்காதீர்கள்.

கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பச் சொல்வார்கள், பின்னணிச் சரிபார்ப்பும் நடக்கும். கிரீன் கார்டு உள்ளவர்கள் அதில் ஏலியன் எண்ணையும் எழுத வேண்டும். கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். இன்னொருவர் பணம் கொடுத்து, அவருக்காக உங்கள் பெயரில் வாங்குவது குற்றம். சொந்தப் பணத்தில் மனைவிக்குப் பரிசாக வாங்குவது வேறு விஷயம், அவருக்கு வைத்திருக்கத் தகுதி இருக்கும் வரையில்.

2. உரிமம் எடுங்கள், கட்டாயம் இல்லாவிட்டாலும்

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயதான, சட்டத் தடை இல்லாத ஒருவர் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். அப்புறம் எதற்கு எல்டிசி (லைசென்ஸ் டு கேரி) உரிமம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டு காரணங்கள். ஒன்று, பள்ளிகளைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்று ஒரு ஃபெடரல் சட்டம் இருக்கிறது, மாநில உரிமம் உள்ளவருக்கு அதில் விலக்கு உண்டு. பிள்ளையைப் பள்ளியில் விடப் போகும் வழியே அந்த 1000 அடிக்குள்தானே இருக்கிறது. இரண்டாவது, உரிமத்துக்கான வகுப்பு உங்களைச் சோதிக்கிறது: 4 முதல் 6 மணி நேரப் பாடம், பிறகு 3, 7, 15 கஜ தூரங்களில் 50 தோட்டாக்கள், 250-க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. அந்தத் தேர்வில் திணறும் துப்பாக்கியை வாங்கக் கூடாது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

எங்கே கூடாது என்பதையும் இப்போதே படித்துக்கொள்ளுங்கள். வாசலில் 30.06 என்று எழுதிய பலகை இருந்தால் உரிமம் உள்ளவரும் மறைத்து எடுத்துப் போகக் கூடாது. உரிமம் இல்லாதவர்களைத் தடுப்பது 30.05. மதுக்கடைகளில் சிவப்பில் 51% என்று போட்டிருந்தால் உரிமம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உள்ளே போகாதீர்கள். நம் ஆட்கள் கவனிக்காமல் விடும் ஓர் இடத்தைத் தனியாகச் சொல்கிறேன். வார இறுதித் தமிழ்ப் பள்ளி பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த அரசுப் பள்ளிக் கட்டடத்தில்தான் நடக்கிறது, பொங்கல் விழா அதே பள்ளி அரங்கில். ஞாயிற்றுக்கிழமை என்றாலும், உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் நம் சொந்தக்காரர்கள் என்றாலும் அது பள்ளிக் கட்டடம்தான், எல்டிசி இருந்தாலும் உள்ளே எடுத்துப் போகக் கூடாது.

வெளி மாநிலம் போனால் கதை வேறு. கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி டெக்சாஸ் உரிமத்தை ஏற்பதில்லை, அங்கே மேகசினும் (தோட்டா அடைத்துப் பிடிக்குள் செருகும் பெட்டி) 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது. வேலை மாறி அங்கே குடிபோகும் எண்ணம் இருந்தால் 15 தோட்டா மேகசின்களாக வாங்கி அடுக்காதீர்கள்.

3. பெட்டகம் வந்த பிறகு துப்பாக்கி வரட்டும்

17 வயதுக்குக் கீழான பிள்ளையின் கைக்கு, தோட்டாவோடு இருக்கும் துப்பாக்கி எட்டும்படி விட்டால் டெக்சாஸில் அது குற்றம். சட்டத்தை விடுங்கள், புடவைக்கு அடியில், அலமாரி உச்சியில், அரிசி டப்பாவுக்குப் பின்னால் என்று நாம் ஒளித்து வைக்கிற எந்த இடமும் குழந்தைகளுக்குத் தெரியாத இடம் இல்லை. படுக்கைப் பக்கத்தில் சுவரிலோ மரச்சட்டத்திலோ திருகி இறுக்கிய, எண் அழுத்தித் திறக்கும் சின்னப் பெட்டகம் ஒன்று போதும். திருகி இறுக்காவிட்டால் திருடன் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவான். காரிலும் ஒன்று, இருக்கைச் சட்டத்தில் கம்பி வடத்தால் கட்டியது. பலகை வைத்த இடங்களுக்குப் போகும்போது அதில் வைத்துப் பூட்ட வேண்டியிருக்கும். கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கிளவ் பாக்ஸ் பெட்டகம் ஆகாது.

4. ஒரு வாரம் உங்கள் உடையைக் கவனியுங்கள்

தினமும் சட்டையை உள்ளே விட்டுப் போடுபவருக்கும் வெளியே விட்டு டி-சர்ட் போடுபவருக்கும் ஒரே துப்பாக்கி சரிப்படாது. ஹூஸ்டன் ஆகஸ்ட் வெயிலில் ஜாக்கெட் போட முடியாது, அதனால் குளிர்காலத்தை நினைத்து அளவைத் தீர்மானிக்காதீர்கள். ஒரு வாரம் என்ன போட்டீர்கள், எத்தனை தடவை குனிந்தீர்கள், குழந்தையை எந்தப் பக்க இடுப்பில் தூக்கினீர்கள் என்று பாருங்கள். வலது இடுப்பில் குழந்தையைத் தூக்குபவர் அதே இடத்தில் துப்பாக்கியை வைக்க முடியாது.

பெண்களுக்கு இந்தப் படி இன்னும் முக்கியம். சல்வாரிலும் லெக்கிங்ஸிலும் பெல்ட் போட இடமில்லை. வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டைகள் கிடைக்கின்றன, ஆனால் வெறும் துணிப் பை மட்டும் உள்ளது வேண்டாம், ட்ரிக்கரை (சுட அழுத்தும் விசையை) மூடும் கெட்டியான பிளாஸ்டிக் கூடு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கைப்பை எனக்குப் பிடிக்காத வழி. பையைப் பறித்தால் துப்பாக்கியும் போகும், நாற்காலியில் தொங்கவிட்ட பையைத் திறந்து சாக்லேட் தேடுவது குழந்தைகளின் வழக்கம்.

5. குழல் நீளத்தைப் பார்க்காதீர்கள், பிடியின் உயரத்தைப் பாருங்கள்

புதியவர்கள் எல்லோரும் குழல் எவ்வளவு குட்டை என்றுதான் பார்க்கிறார்கள். குழல் இடுப்புக்குள்ளே கால்சட்டையோடு இறங்கிவிடும், யார் கண்ணுக்கும் தெரியாது. சட்டையைத் துருத்திக்கொண்டு நிற்பது பிடியின் அடிமுனை. குளோக் 43-ம் குளோக் 43எக்ஸும் ஏறக்குறைய ஒரே மேல்பாகம்தான், ஆனால் 43-இன் உயரம் 108 மில்லிமீட்டர், 43எக்ஸ் 128. அந்த இரண்டு சென்டிமீட்டரில் சுண்டுவிரல் உட்காருகிறது, தோட்டா 6-லிருந்து 10 ஆகிறது, சட்டையும் கொஞ்சம் துருத்துகிறது. குளோக் 19-இன் உயரமும் அதே 128-தான், ஆனால் அது தடிமன், 15 தோட்டா, எடையும் அதிகம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சட்டைப்பை அளவு: ரூகர் எல்சிபி மாதிரி, .380 தோட்டா, கால் கிலோவுக்குச் சற்று மேல். எங்கும் ஒளியும், ஆனால் சுடுவது கடினம். முதல் துப்பாக்கியாக இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மெலிந்த நடுத்தரம்: சிக் பி365, பி365 எக்ஸ்எல், குளோக் 43எக்ஸ், ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு பிளஸ், ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட். எல்லாம் 9 எம்எம், 10 முதல் 13 தோட்டா வரை, வெறுமையாக அரைக் கிலோவை ஒட்டி. பத்தில் எட்டுப் பேர் இங்கேதான் வந்து நிற்பார்கள்.

காம்பாக்ட்: குளோக் 19 மாதிரி. கொஞ்சம் பருமனான உடம்பு, தளர்வான சட்டை என்றால் இதையும் மறைக்கலாம். சுடுவதற்கு மூன்றிலும் இதுதான் சுலபம்.

ரிவால்வரை ஏன் விட்டேன் என்றால், ஸ்மித் அண்ட் வெஸன் 642 மாதிரி ஐந்து தோட்டா ரிவால்வர் பார்க்க எளிமை, ஆனால் எடை 400 கிராம்தான், ட்ரிக்கர் நீளமாகவும் கனமாகவும் இருக்கும், .38 தோட்டா உள்ளங்கையில் அறையும். "பெண்களுக்கு இது போதும்" என்று கடைக்காரர் எடுத்து நீட்டினால் கேட்காதீர்கள். ஸ்லைடை (பின்னுக்கு இழுக்கும் மேல்பாகத்தை) இழுக்கவே முடியாத கைகளுக்கு மட்டும் அது ஒரு வழி, அதற்கும் முன்னால் இழுக்க லேசான ஷீல்டு ஈஸி ஒன்றைத் தொட்டுப் பாருங்கள்.

தோட்டாவைப் பொறுத்தவரை 9 எம்எம் எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சித் தோட்டா மலிவு, எங்கும் கிடைக்கும். .380 உருவத்தில் சின்னது, விலையில் பொதுவாக அதிகம்.

6. கடையில் கையில் எடுத்துப் பாருங்கள்

கடைக்காரர் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துக் காலி என்று காட்டித்தான் கொடுப்பார். நீங்களும் ஒருமுறை குழலில் தோட்டா உட்காரும் அறையைப் பார்த்து, விரலை விட்டுத் தடவி உறுதி செய்யுங்கள். யார் மீதும் முனை திரும்பக் கூடாது, ட்ரிக்கரை அழுத்துவதற்கு முன் அவரிடம் கேளுங்கள். இந்தப் பழக்கம் முதல் நாளே வர வேண்டும்.

பார்க்க வேண்டியவை: பிடித்தால் சுண்டுவிரல் பிடியில் உட்காருகிறதா, ட்ரிக்கருக்கு விரல் வளைந்து எட்டுகிறதா, பிடியை மாற்றாமல் மேகசின் பொத்தானைத் தொட முடிகிறதா, ஸ்லைடைப் பத்து தடவை இழுக்க முடிகிறதா. ஒரு தடவை இழுப்பது கணக்கில் வராது, வியர்த்த கையோடு பத்தாவது தடவை இழுக்க முடிய வேண்டும்.

தங்கை முறையில் ஒருவரைக் கடைக்கு அழைத்துப் போயிருந்தேன். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஸ்லைடைக் கிள்ளி இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை, முகம் வாடிவிட்டது. துப்பாக்கியை நெஞ்சருகே கொண்டுவந்து, முனையைச் சுவர்ப்பக்கமே வைத்து, இடது உள்ளங்கையை ஸ்லைடின் மேலே கவிழ்த்து நான்கு விரலாலும் கவ்விக்கொள், இடது கையை இழுக்காதே, வலது கையால் துப்பாக்கியை முன்னால் தள்ளு என்றேன். படக்கென்று பின்னுக்குப் போனது. பலம் இல்லை என்று அவள் நினைத்தது பலத்தில் இல்லை, பிடித்த விதத்தில் இருந்தது. இதைச் செய்து பார்க்காமல் ஒரு துப்பாக்கியை ஒதுக்காதீர்கள்.

7. வாடகைக்கு எடுத்துச் சுடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், அதிகம் வருந்துகிறவர்களும் அவர்களே. பல ரேஞ்சுகளில் ஒரு கட்டணம் கட்டினால் மாடல்களை மாற்றி மாற்றிச் சுடலாம். மூன்று மாடல்கள், ஒவ்வொன்றுக்கும் 50 தோட்டா. கழுத்தை ஒட்டிய சட்டை போட்டுப் போங்கள், சூடான வெற்றுக்கூடு காலருக்குள் விழுந்தால் கை தானாகத் துள்ளும், துள்ளும் கையில் துப்பாக்கி இருக்கும்.

ஒரு நண்பர் சட்டைப்பை அளவு துப்பாக்கியை வாங்கிவிட்டுத்தான் என்னை ரேஞ்சுக்குக் கூப்பிட்டார். 7 கஜம், சாப்பாட்டுத் தட்டு அளவு காகிதம். முதல் மேகசினில் ஆறில் இரண்டு தட்டில் பட்டன. இரண்டாவதில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் முன்னால் கண்ணை இறுக மூடினார், முனை கீழே முங்கியது. மூன்றாவதை நிரப்பும்போதே கட்டைவிரல் இடுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார், தோல் சிவந்திருந்தது. பக்கத்துத் தடத்தில் வாடகை குளோக் 19-ஐக் கொடுத்தேன். அதே மனிதர், அதே தூரம், பத்துக்கு எட்டு தட்டுக்குள். எடை குறையக் குறைய உதைப்பு கூடும், பிடி சின்னதானால் கை நழுவும், குறிபார்க்கும் முன் சைட்டும் பின் சைட்டும் நெருங்கினால் சின்னப் பிழையும் பெரிதாகும். சின்னது சுலபம் என்று நாம் நினைப்பதற்கு நேர்மாறு.

எதை அளக்க வேண்டும்: 7 கஜத்தில் நிதானமாகப் பத்து தோட்டா, எல்லாம் கையகல வட்டத்துக்குள் வருகிறதா. அடுத்து வினாடிக்கு ஒன்றாக ஐந்து. 50-வது தோட்டாவுக்குப் பிறகும் இன்னும் சுடலாம் என்று கை சொல்கிறதா. சொல்லாவிட்டால் வாங்கிய பிறகு நீங்கள் பயிற்சிக்குப் போகவே மாட்டீர்கள், அது மற்ற எல்லாவற்றையும்விட மோசம். சின்னத் துப்பாக்கி அடிக்கடி தோட்டா சிக்கி நின்றால் உடனே அதைக் குறை சொல்லாதீர்கள், மணிக்கட்டு தளர்ந்தாலும் அப்படி ஆகும். இறுக்கிப் பிடித்தும் சிக்கினால் அந்த மாடலை விடுங்கள்.

முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஈயத்தூள் ஒட்டியிருக்கும். குழந்தையைத் தூக்கும் முன் சட்டையையும் மாற்றுங்கள்.

8. ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) கிடைக்குமா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

துப்பாக்கிக்கு 500 டாலர் கொடுத்துவிட்டு 15 டாலர் துணி ஹோல்ஸ்டர் வாங்குவதை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். எல்லா மாடலுக்கும் பொருந்தும் என்று போட்டிருந்தால் எதற்கும் சரியாகப் பொருந்தாது என்று அர்த்தம். உங்களுக்கு வேண்டியது அந்த மாடலுக்கென்றே வார்த்த கைடெக்ஸ் (கெட்டியான பிளாஸ்டிக்) ஹோல்ஸ்டர். ட்ரிக்கர் முழுதும் மூடியிருக்க வேண்டும், துப்பாக்கியை எடுத்த பிறகும் வாய் சுருங்காமல் திறந்தே நிற்க வேண்டும், தலைகீழாகப் பிடித்து மெல்ல உலுக்கினால் விழக் கூடாது. துணியோ பழந்தோலோ மடங்கி ட்ரிக்கர் பக்கம் நுழைந்தால், உள்ளே திணிக்கும்போது அதுவே விரல் மாதிரி அழுத்திவிடும்.

பெல்ட் வளையாததாக இருக்கட்டும். சாதாரண அலுவலக பெல்ட்டில் அரைக் கிலோ தொங்கினால் சரிந்து, நீங்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கால்சட்டையை ஏற்றுவீர்கள், அந்தக் கை அசைவுதான் உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

இடம்: புதியவர்களுக்கு வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் வைப்பதைச் சொல்வேன். முன்பக்கம், தொப்புளுக்குப் பக்கத்தில் வைப்பது நன்றாக மறையும், வேகமாகவும் எடுக்கலாம், ஆனால் முனை தொடையையும் அதில் ஓடும் பெரிய ரத்தக்குழாயையும் பார்த்துக்கொண்டு இருக்கும். மாதக்கணக்கில் பழகிய பிறகு அதை யோசிக்கலாம்.

9. வாங்கிய பிறகு முதல் மாதம்

முதலில் 200 பயிற்சித் தோட்டா. பிறகு நீங்கள் எடுத்துச் செல்லப்போகும் ஹாலோ பாயின்ட் (முனையில் குழி உள்ள) தோட்டாவில் 50, அதில் ஒன்றுகூடச் சிக்கக் கூடாது. சில துப்பாக்கிகள் உருண்டை முனைத் தோட்டாவை விழுங்கும், ஹாலோ பாயின்ட்டில் முரண்டு பிடிக்கும். இதை வீட்டில் தெரிந்துகொள்ள முடியாது.

அடுத்து இரண்டு வாரம் காலித் துப்பாக்கியோடு வீட்டுக்குள் நடங்கள். உட்காருங்கள், ஷூ லேஸ் கட்டுங்கள், காரில் ஏறி இறங்குங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் பூட்டியிருக்கட்டும். இடுப்பில் எங்கே குத்துகிறது, சட்டை எங்கே ஏறுகிறது என்பதெல்லாம் இதில் தெரிந்துவிடும்.

விபத்து அதிகம் நடப்பது துப்பாக்கியைத் திரும்ப ஹோல்ஸ்டரில் வைக்கும்போது. அவசரமே இல்லாத அந்த நேரத்தில்தான் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். ட்ரிக்கரிலிருந்து விரலை எடுத்து நீட்டி வைத்து, சட்டையை இடது கையால் நன்றாக மேலே தூக்கி, குனிந்து கண்ணால் பார்த்து, மெதுவாக இறக்குங்கள். எங்காவது தட்டினால் அழுத்தாதீர்கள், வெளியே எடுத்து என்ன தடுக்கிறது என்று பாருங்கள். ராத்திரி துப்பாக்கியை ஹோல்ஸ்டரோடு சேர்த்தே கழற்றிப் பெட்டகத்தில் வையுங்கள். தினமும் தோட்டாவை வெளியே எடுத்துத் திரும்ப ஏற்றினால், அதே தோட்டாவின் முனை கூட்டுக்குள் அழுந்திப்போகும், அழுந்திய தோட்டாவைச் சுட்டால் உள்ளழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறலாம்.

10. ஊருக்குப் போகும் முன்

அமெரிக்காவுக்குள் விமானத்தில் போனால், தோட்டா இல்லாத துப்பாக்கியைப் பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்து, கவுண்டரில் சொல்லி, செக்-இன் சாமானில் போட வேண்டும். இந்தியப் பயணத்துக்கு அந்தப் பேச்சே இல்லை, துப்பாக்கி பெட்டகத்திலேயே இருக்கட்டும்.

ஆனால் ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பையைப் பற்றி ஒன்று. முதுகுப்பையின் அடித் தையலில், பக்கவாட்டுச் சின்ன ஜிப்பில் ஒற்றைத் தோட்டா தங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது. சென்னை விமான நிலையத்தில் ஸ்கேனரில் அது தெரிந்தால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு, அம்மாவைப் பார்க்க வந்த இரண்டு வாரமும் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடப்பதில் போய்விடும். ரேஞ்ச் பையை ரேஞ்சுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வேறு நிறத்தில் வாங்குங்கள், பிள்ளைகளின் பயணப் பையாக அதை எப்போதும் ஆக்காதீர்கள். எந்தப் பை ஊருக்குப் போகிறதோ அதை முந்தின வாரமே தரையில் கவிழ்த்து, ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து, அடித் துணியைக் கையால் தடவிப் பாருங்கள். முறுக்கும் மிளகாய்ப் பொடியும் அடைத்த பிறகு இதை யாரும் செய்வதில்லை.